முகங்கள் ஏன் இல்லை: ஒரு திருத்தம்

அமெரிக்காவில் வளர்ப்புப் பராமரிப்பில் (பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு வீடுகளில் வளர்க்கப்படும் நிலையில்) உள்ள பதின்வயதினர் 'குடும்பம்' என்ற பொருளில் எடுத்த படங்களில் முகங்களே இல்லை என்பதைச் சுட்டி, "அநாதைகளிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறான தகவல்; அந்தப் பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதியும்கூட.

அங்கே வளர்ப்புப் பராமரிப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் தாயோ தந்தையோ உயிரோடுதான் இருக்கிறார்கள். கவனிப்பின்மை, பெற்றோரின் போதைப் பழக்கம் போன்ற காரணங்களால் பிரித்து வைக்கப்படும் அவர்களை மீண்டும் பெற்றோரிடமே சேர்ப்பதுதான் பெரும்பாலான வழக்குகளில் முதல் இலக்கு.

முகங்கள் இல்லாததற்குக் காரணம் வேறு. பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதில் விதிகள் கண்டிப்பானவை. மேலும், 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகியோர் உருவாக்கிய, மக்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே படமெடுத்துப் பேசும் 'போட்டோவாய்ஸ்' முறையைத்தான் இத்தகைய படப் பயிலரங்குகள் பின்பற்றுகின்றன; அதில் படத்தில் இருப்பவரின் ஒப்புதல் பெறுவது அடிப்படை நெறி. ஆகவே பிள்ளைகள் பொருள்களைத் தேடிப் போகிறார்கள். நான் உதவிக்குச் சென்ற ஒரு பயிலரங்கில், வேறொரு வீட்டில் வளரும் தம்பி விட்டுச்சென்ற, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த சிறிய ஷூவை ஒரு பெண் திரும்பத் திரும்பப் படமெடுத்தாள். நாடாவின் முடிச்சு தெளிவாகத் தெரிய வேண்டும், அது அவன் தானே போட்ட முதல் முடிச்சு என்றாள்.

'அநாதைகள்' என்ற அந்தச் சொல்லை அவர் நீக்கிவிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.