தோடியைத் துண்டு போட்டவர்களுக்கு

ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை முடிந்த கையோடு, கடைசியில் வர வேண்டிய மங்களத்தைப் பாடிவிட்ட கச்சேரியை நீங்கள் கேட்டதுண்டா? நேற்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில், சொன்னதைக் கேட்டுப் பாட்டுப் போடும் ஒலிபெருக்கியின் புண்ணியத்தில் அது நடந்தேறியது. வித்வான் தோடி ராகத்தைக் கீழே மந்திர ஸ்தாயியில் தொடங்கி, காந்தாரத்தை அசைத்து அசைத்து நிலைநிறுத்தி, பஞ்சமத்தைத் தொடாமலேயே நெடுநேரம் உலவி, மேல் ஷட்ஜத்தில் நின்றுவிட்டு இறங்கி வந்து முடித்தார். முன்வரிசையில் யாரோ "பலே" என்றது கூடப் பதிவில் கேட்டது. வயலின்காரர் வில்லை எடுக்க வேண்டிய அந்த நொடியில், 'நீ நாம ரூபமுலகு' என்று சௌராஷ்டிர ராகத்தில் மங்களம் புறப்பட்டது. அதையடுத்துத் தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். அது ஓய்ந்ததும், தொடக்கத்தில் வந்திருக்க வேண்டிய வர்ணம். கச்சேரிக்கு ஒரு வடிவம் அமைத்துக் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இதைக் கேட்டிருந்தால், தம்புராவை உறையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டிருப்பார்.

நான் கேட்டது மிக எளிய ஒன்றுதான். தியாகராஜரின் 'கொலுவமரெகதா' கிருதியை, அதற்கு முன்னுள்ள ராக ஆலாபனையோடு, வரிசை மாறாமல் கேட்க வேண்டும். இதை அந்த அறிவாளி ஒலிபெருக்கியிடம் சொன்னேன். அது இனிய குரலில் "இதோ, கொலுப் பாடல்கள்" என்று அறிவித்துவிட்டு, ஆடி மாதத்தில் நவராத்திரிப் பாட்டுகளை ஒலிபரப்பத் தொடங்கியது. நிறுத்தச் சொன்னால் ஒலியைக் குறைத்தது; குறைக்கச் சொல்லவில்லை என்றால் மன்னிப்புக் கேட்டது; மன்னிப்புக் கேட்டு முடித்ததும் அடுத்த கொலுப் பாட்டுக்குப் போனது.

சரி, பாட்டின் பெயர் வேண்டாம், ராகத்தின் பெயரைச் சொல்வோம் என்று "தோடி" என்றேன். சிதார் வந்தது. வடக்கே தோடி என்று வழங்கும் ராகம் நம் காதுக்குச் சுபபந்துவராளியாகக் கேட்கும். மேளகர்த்தா எனும் தாய் ராகங்களின் வரிசையில் நம்முடைய தோடி 8-ஆவது, சுபபந்துவராளி 45-ஆவது. பெயர்தான் ஒன்று, ஊர் வேறு, உருவம் வேறு. அந்த சிதார் அருமையாகவே இருந்தது, ஆனால் நான் உட்கார்ந்திருந்தது அதற்காக அல்லவே! கைப்பேசியில் எழுதித் தேடினால், ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' சேர்த்தால் ஒரு பட்டியலும், அதை நீக்கினால் வேறொரு பட்டியலும் வருகின்றன. கரகரப்ரியா ராகத்தைத் தேடிப் பார்த்தவர்களின் துயரத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. கல்யாணி என்று கேட்பவருக்குச் சினிமாக் கதாநாயகிகள்தான் கிடைப்பார்கள்.

கடைசியில் ஒருவழியாக அந்தக் கச்சேரி அகப்பட்டது. அகப்பட்டது என்பதைவிட, அதன் உறுப்புகள் அகப்பட்டன என்பதே சரி. ஆலாபனை ஒரு பாட்டு, வயலின் ஆலாபனை ஒரு பாட்டு, கிருதி ஒரு பாட்டு, தனி ஒரு பாட்டு என்று, கோயில் தேரைக் கழற்றிச் சக்கரம் தனி, வடம் தனி என்று எடைக்குப் போட்டதுபோல் அடுக்கியிருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடியைப் பதிவு செய்த காலத்தில், 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் இருந்தது. தட்டைத் திருப்பிப் போட எழுந்துபோனவர்கள் அதற்காக யாரையும் திட்டவில்லை. இன்று ஒரு விரற்கடைச் சில்லில் ஒரு கச்சேரி சீசன் முழுவதையும் அடைத்துவிடலாம். பிறகு எதற்கு இந்த வெட்டு? போதாக்குறைக்கு, நான் எந்த நாளும் கேட்டறியாத ஷஃபிள் என்னும் கலைத்துப்போடும் வசதியை அதுவாகவே இயக்கிக்கொண்டதன் விளைவுதான் ஆரம்பத்தில் சொன்ன மங்களம்.

ஷஃபிளை அணைத்தேன். இப்போது ஒரு பாட்டின் முடிவையும் அடுத்த பாட்டின் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழைத்துத் தரும் வசதி தலைகாட்டியது. நடன விருந்துக்கு அது பொருந்தலாம். இங்கே, ஒன்றரைக் கட்டை சுருதியில் வித்வான் ஷட்ஜத்தில் இழைந்து அடங்கும் இடத்தில், பட்டியலில் எங்கிருந்தோ நுழைந்த ஒரு பெண் வித்வானின் தம்புரா ஐந்தரைக் கட்டையில் கிளம்பி மேலே ஏறி உட்கார்ந்தது. பல் கூசியது.

அதையும் அணைத்தபின், நம்பினால் நம்புங்கள், கிருதி வந்தது. 'தம்புர சேகொனி' என்ற வரியைப் பலவிதமாகத் திருப்பித் திருப்பிப் பாடும் நெரவல் சூடுபிடித்து, ஸ்வரங்களைக் கற்பனையாய்க் கோத்துப் பாடும் கல்பனாஸ்வரமும் தொடங்கிவிட்டது. மேல்காலத்தில் ஸ்வரங்கள் கொட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஸ்வரக் கோவை ஒன்றில் தன் பெயர் ஒலித்ததாக ஒலிபெருக்கி நினைத்துக்கொண்டது. நீல விளக்கு எரிந்தது. வித்வானின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. "மன்னிக்கவும், அதில் என்னால் உதவ முடியவில்லை" என்றது. உன்னை யார் அம்மா உதவிக்கு அழைத்தது? அவர் தாளத்தில் இடம் பார்த்து, ஸ்வரக் கோவைகளைப் படிப்படியாகச் சுருக்கும் குறைப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்; உன் உதவி இல்லாமலேயே தாளம் தொடங்கும் சமத்துக்கு வந்து சேருவார்.

இத்தனைக்கும் நடுவே, வயலின் வாசித்தது யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று அறிந்துகொள்ள ஆசைப்பட்டுத் திரையைப் பார்த்தேன். பழைய இசைத்தட்டு உறையிலும் ஒலிநாடா அட்டையிலும் பெட்டிக்கடைக்காரர் கூடப் படித்துச் சொல்லக்கூடிய விவரம் அது. திரையில் பக்கவாத்தியக்காரர் ஒருவர் பெயரும் இல்லை, ராகம் இல்லை, தாளம் இல்லை. வகை என்ற இடத்தில் 'பக்தி' என்றும், கலைஞர் என்ற இடத்தில் 'தியாகராஜர்' என்றும் போட்டிருந்தது. பாடியவர் எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பெயருக்குக் கீழே ஒரு குறிப்பு: 'இவரைப் பின்தொடருங்கள். புதிய வெளியீடு வந்தவுடன் தெரிவிக்கிறோம்.'

1847-இல் திருவையாற்றில் சித்தியடைந்தவரின் புதிய வெளியீட்டுக்கு என்னைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதுவரை கொதித்துக்கொண்டிருந்த நான் அங்கேதான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பொத்தானையும் அழுத்தினேன்.

இன்று காலை அறிவிப்பு வந்தேவிட்டது. தியாகராஜரின் புதிய வெளியீடு: ஆழ்ந்த உறக்கத்துக்கு, மழைச் சத்தத்துடன் பஞ்சரத்ன கீர்த்தனைகள்.