அத்தையின் பாத்திரங்களை எடைக்குப் போட்டது நான்தான்

ஆமாம், என் அத்தை, அதாவது மறைந்த என் மாமியார் வைத்திருந்த பாத்திரங்களை நான்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை படத்தில் நீங்கள் எல்லாரும் பார்த்த இரண்டு பித்தளை அண்டா, ஐந்து தவலை, அந்த வெண்கல உருளி, எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று நாளாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இங்கே கமெண்டிலும் ஆளுக்கொன்று சொல்லியாகிவிட்டது. "அம்மா கையையே வித்த மாதிரி இருக்கு" என்று ஒருவர் எழுதியதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் வையுங்கள், தேயுங்கள், கும்பிடுங்கள். உங்கள் நினைவை என் வீட்டுப் பரணில் வைக்காதீர்கள்.

மாமனார் ரயில்வேயில் இருந்தார். பாஸ் உண்டு, அதனால் வருடத்துக்கு ஒரு பயணம் உண்டு, போன ஊரிலெல்லாம் ஒரு பாத்திரம் வாங்காமல் திரும்ப மாட்டார். மொராதாபாத்தில் பூவேலை செய்த பித்தளைப் பழத்தட்டு, குர்ஜாவில் நீலப் பூப்போட்ட ஊறுகாய் ஜாடி, திருப்பதியில் பெருமாள் படம் பொறித்த எவர்சில்வர் தட்டு, கன்னியாகுமரியில் சிப்பி ஒட்டிய கரண்டி, காசியிலிருந்து கங்கைத் தண்ணீர் அடைத்து வாயைப் பற்றவைத்த சின்னச் செம்புச் சொம்புகள். காசிக்குப் போய்விட்டு வந்தால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டுமே. கொடுத்தது போக மிஞ்சியதே ஒன்பது. இதோடு கல்யாணச் சீர், வளைகாப்புச் சீர், கிரகப்பிரவேசத்துக்கு வந்தது. கும்பகோணத்து வீட்டை விற்றபோது ஏழு சாக்கு மூட்டையும் இரண்டு மரப்பெட்டியும் வந்து இறங்கின. எங்கே? 680 சதுர அடியில் நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டில். அப்போது ஒருவரும் "எனக்கு ஒன்று கொடு" என்று கேட்கவில்லை. "இப்போதைக்கு உங்க வீட்டில் இருக்கட்டும் அண்ணி" என்றார்கள். அந்த 'இப்போதைக்கு' ஆகி நாலு வருடம்.

இடம்கூடப் போகட்டும். பித்தளை என்ன, வைத்த இடத்தில் சும்மா இருக்கிற சாமானா? மூன்று மாதம் விட்டால் கறுத்துப்போகும். புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக நிற்கும். இரண்டு பொங்கலுக்கு நான் பிரித்து வைத்த அத்தனையையும் தேய்த்தேன். நகக்கண்ணில் புளி ஏறி ஒரு வாரம் எரிந்தது. தேய்த்து அடுக்கி ஜன்னல் வெயிலில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேனே, அதற்கு எத்தனை இதயம் விழுந்தது. "அம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்று எழுதினீர்கள். ஒருவர்கூட அடுத்த முறை தேய்க்க வருகிறேன் என்று எழுதவில்லை.

செம்பும் பித்தளையும் உடம்புக்கு நல்லது, உங்களுக்கு அருமை தெரியவில்லை என்கிறார்கள். தெரியும். ஈயம், அதாவது வெள்ளீயம், பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு இறங்கும், வயிற்றைப் புரட்டும் என்பதும் தெரியும். "ஈயம் பூசலையோ" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு துருத்தியோடு வருவாரே, நவச்சாரம் போட்டு அந்த வெள்ளைப் புகை கிளம்ப உள்ளே துடைத்துத் தருவாரே, அவரை இந்தப் பத்து வருடத்தில் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்ததில்லை. ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் தனி வாசனைதான், ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் ஊற்றாமல் ஒரு நிமிடம் அடுப்பில் மறந்துவிட்டால் உருகி ஒழுகிவிடும், வேலைக்குப் போகிற அவசரத்தில் அதைக் காவல் காக்க என்னால் முடியவில்லை. அதைக் கொடுக்கவில்லை, இருக்கிறது. கேட்டால் தருகிறேன்.

ஒரு தம்பி அகமதாபாத்தில் விஷாலா உணவகத்தோடு இருக்கும் பாத்திர அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதியிருந்தார். 1981இல் சுரேந்திர படேல் தொடங்கியது, உருக்கப் போகும் பழைய பாத்திரங்களைக் காப்பாற்றிச் சேர்த்தது. நல்ல காரியம், அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் தம்பி, அவர் தானே சேர்த்தார், தானே இடம் கட்டினார். அடுத்தவர் சமையலறையில் கொண்டுபோய் அடுக்கிவிட்டுப் பாதுகாக்கச் சொல்லவில்லை. அதையேதான் நானும் சொல்கிறேன்.

இன்னொன்று, உங்களில் பலருக்குத் தெரியாது. அத்தை தன் மாமியாருடைய வெண்கலப் பானைகளை என்ன செய்தார்? எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினார். அவரே என்னிடம் சொன்னது. அந்தக் காலத்தில் தெருவே அப்படித்தான் மாறியது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், தூக்கினால் தோள் வலிக்காது. முதல் எவர்சில்வர் அடுக்கு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன் என்றார். அவருக்கு அன்று கிடைத்த அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கக் கூடாதா?

கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்பதுதான் எல்லாரும் சொல்வது. கேட்டேன். ஆடி மாதம் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன், எது யாருக்கு வேண்டும், ஐப்பசிக்குள் சொல்லுங்கள் என்று. எல்லாரும் பார்த்தீர்கள், நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. சரி, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டிருக்கலாம், அது என் தவறாகவே இருக்கட்டும். எடைக்குப் போட்டு வந்த பணத்தை மூன்றாகப் பிரித்து அன்றைக்கே மூன்று வீட்டுக்கும் அனுப்பினேன். பணத்துக்காக விற்றாள் என்று எழுதிய யாரும் அது வந்ததென்று சொல்லவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.

என் மகளே எடைக்குப் போட வேண்டாம் என்றுதான் சொன்னாள். பத்தொன்பது வயது, தாத்தா வாங்கிய பழத்தட்டும் சிப்பிக் கரண்டியும் வேண்டும் என்று அழுதாள். எடுத்துக்கொள் என்றேன். இப்போது தட்டு அவள் மேஜையில் இருக்கிறது, அவளே துடைக்கிறாள். அவளிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்தப் பாத்திரங்களில் வெட்டியிருந்த பெயர்களையாவது யாராவது படித்தீர்களா? அண்டாவில் மாமனாரின் இனிஷியல். சீர்த் தவலையில் அத்தையுடைய அப்பா பெயர். உருளியில் தாய்மாமன் பெயர். அத்தையின் பெயர் இருந்தது ஒன்றே ஒன்றில், தீபாவளிச் சீட்டுக் கட்டி அவர் காசில் வாங்கிய தூக்குவாளியில். உங்கள் யாருடைய பட்டியலிலும் அந்தத் தூக்கு இல்லை. அது என் அடுப்பு மேடையில் இருக்கிறது, தினமும் அதில்தான் பால்.

அம்மாவின் கையை விற்றேன் என்றீர்கள். அந்தக் கையைக் கடைசி எட்டு மாதம் பிடித்துக்கொண்டிருந்தது யார்? விடியற்காலை நாலு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது உங்கள் அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். பூஜை அலமாரியிலிருந்து காசிச் சொம்பை எடுத்தேன். பற்றவைத்த வாய் திறக்கவில்லை. கத்தியால் குத்தித் திறந்தேன், என் கட்டைவிரல் கிழிந்தது, அந்தக் கையாலேயே மூன்று ஸ்பூன் ஊற்றினேன். இரண்டு இறங்கியது. மூன்றாவது வழிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நினைவு என்றால் அது. நீங்கள் என்னிடம் நினைவைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மிச்சம் எட்டுச் சொம்பு, ஊறுகாய் ஜாடி, திருப்பதித் தட்டு, ஈயச் சொம்பு, இன்னும் மூன்று மூட்டை பிரிக்காமல் ஹாலில் இருக்கின்றன. போகி வரை வைத்திருப்பேன். வருகிறவர்கள் முதல்நாள் ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள், சாப்பாடு போடுகிறேன். வண்டி வாடகை நான் தருகிறேன்.