முதலில் பேட்டரியைப் பாருங்கள்
போன் மெதுவாகிவிட்டால், இரண்டு வருடம் ஆகிவிட்டால் புதிதாக வாங்கிவிடுங்கள் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பல நேரம் கோளாறு பேட்டரியில்தான். தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, சில ஐபோன்களின் வேகத்தையே குறைத்ததாக ஆப்பிள் 2017-ல் ஒப்புக்கொண்டது. பேட்டரியை மாற்றியதும் அவற்றுக்குப் பழைய வேகம் திரும்பியது. புது போன் விலைக்கு முன்னால் அது சின்னச் செலவு. 2019-ல் வந்த ஐபோன் 11-க்கு 2025-ல் வந்த ஐஓஎஸ் 26-ம் (ஐபோனை இயக்கும் மென்பொருள்) கிடைத்தது. கேலக்ஸி எஸ்24-க்கு 7 வருட அப்டேட் தருவதாக சாம்சங் சொல்லியிருக்கிறது. அப்புறம் ஏன் அவசரம்? ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டால் மட்டும் புது போன் வாங்குவதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வங்கிக் கணக்கு, யுபிஐ எல்லாம் அந்த போனில்தானே இருக்கின்றன!