யார் பணம் கட்டினார் என்ற கணக்கு நம் சர்வரில் இருக்கட்டும்

கூகுள் ப்ளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் ஒரே ஆப்பை விற்கும் பலர், யார் பணம் கட்டினார் என்பதை அந்தந்த போனிலேயே சேமித்து வைக்கிறார்கள். இதை உடனே மாற்றுங்கள். ஐபோனில் மாதச் சந்தா கட்டியவர், அதே கணக்கோடு ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நுழைந்தால் அங்கே மறுபடி "சந்தா கட்டுங்கள்" என்று வரும். அவரும் நம்பிக் கட்டிவிடுவார். இரண்டு பக்கமும் மாதாமாதம் பணம் போகும். வழக்கமான ஆப்பிள் சந்தாவை நம் சர்வரிலிருந்து ரத்து செய்ய வழியே கிடையாது. அவரேதான் தன் ஆப்பிள் கணக்கில் போய் நிறுத்தியாக வேண்டும். அதனால் சந்தா பட்டனைக் காட்டுவதற்கு முன்பே சர்வரைக் கேளுங்கள். ஏற்கெனவே சந்தா இருந்தால், எந்தக் கடையில் வாங்கியது, எங்கே போய் நிறுத்தலாம் என்பதைக் காட்டுங்கள்.

அதிகம் சறுக்குவது பணம் போன பிறகுதான். வரிசை இதுதான்: போன் அனுப்பும் டோக்கனை (வாங்கியதற்குக் கடை தரும் அடையாளக் குறியீடு) சர்வர் நேராகக் கடையிடம் சரிபார்க்க வேண்டும், டேட்டாபேஸில் எழுத வேண்டும், ஆப்பில் விற்கும் காயினையோ சந்தாவையோ தர வேண்டும், கடைசியாகத்தான் கடைக்கு "முடிந்தது" என்று சொல்ல வேண்டும். காயின் போன்றவற்றில் முதலிலேயே முடித்துவிட்டு, நடுவில் நெட் போனால், பணம் போயிருக்கும், காயின் வந்திருக்காது. அது ரெஸ்டோர் (பழைய வாங்கல்களை மீட்பது) செய்தாலும் திரும்பாது. ஆப்பிளில் ஃபினிஷ் செய்யாத, அதாவது "முடிந்தது" என்று சொல்லாத பரிவர்த்தனை அடுத்த முறை ஆப்பைத் திறக்கும்போது தானாகவே திரும்ப வரும். அதைப் பிடிக்கும் லிசனரை (வருவதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் கோட்) ஆப் தொடங்கியதுமே ஓடவிடுங்கள், வாங்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை வந்தால் காயினும் இரண்டு முறை போகக்கூடாது. டேட்டாபேஸில் பரிவர்த்தனை எண்ணுக்கு யூனிக் கீ (ஒரே எண்ணை இரண்டாம் முறை ஏற்காத விதி) போட்டாலே அது தீர்ந்தது.

கூகுளில் கெடு 3 நாள். அதற்குள் அக்னாலெட்ஜ் செய்யாவிட்டால், அதாவது வாங்கலை ஏற்றோம் என்று கூகுளுக்குச் சொல்லாவிட்டால், பணம் தானாக வாடிக்கையாளருக்குத் திரும்பிவிடும். லைசென்ஸ் டெஸ்டர் கணக்கில் (சோதனைக்காக நாம் கூகுளில் சேர்த்த கணக்கு) இந்தக் கெடு சில நிமிடம்தான். வேண்டுமென்றே அக்னாலெட்ஜ் செய்யாமல் விட்டு, ரீஃபண்ட் ஆனதும் உங்கள் சர்வர் சந்தாவை எடுக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பலர் சோதிக்காமல் விடுவது இதைத்தான்.

பணம் உடனே சேராமல் பெண்டிங் நிலையில் நிற்கும் வாங்கல்களும் உண்டு. அப்போது எதையும் தராதீர்கள். பர்ச்சேஸ்டு என்று மாறிய பிறகுதான் அந்த 3 நாள் கணக்கும் தொடங்கும். வாடிக்கையாளருக்கு "பணம் உறுதியாவதற்காகக் காத்திருக்கிறோம்" என்று ஒரு வரி காட்டினால் போதும், பதறிப்போய் இரண்டாம் முறை கட்ட மாட்டார்.

ரீஃபண்ட், புதுப்பிப்பு, ரத்து எல்லாம் போன் அணைந்திருக்கும்போதும் நடக்கும். கடைகள் நம் சர்வருக்கு நேராக அனுப்பும் அறிவிப்புகளான ஆப்பிளின் சர்வர் நோட்டிஃபிகேஷன் வெர்ஷன் 2, கூகுளின் பப்சப் அறிவிப்பு இரண்டையும் இணைத்தே ஆக வேண்டும். அறிவிப்பு வந்ததும் அதிலுள்ளதை அப்படியே எழுதிக்கொள்ளாமல், கடையின் ஏபிஐயிடம் இப்போதைய நிலையைக் கேட்டு எழுதுங்கள். அறிவிப்புகள் வரிசை மாறி வரலாம்.

விற்கும் ஒவ்வொன்றுக்கும் கடையில் நாம் வைக்கும் பெயரான பொருள் ஐடியைச் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் வைத்து இரண்டு கடையிலும் ஒன்றாகவே வையுங்கள். விலையை அதில் எழுதாதீர்கள். விலை நாளை மாறும். ஐடியை மாற்ற முடியாது, அழித்தாலும் அதே பெயர் மறுபடி கிடைக்காது.