'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டால் போதுமா?

ஏதாவது விபத்து நடந்தால் போதும், 'கண்காணிப்புப் பணியில் இருந்தவரின் கவனக்குறைவே காரணம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த ஆள் எவ்வளவு நேரமாக அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாராவது கேட்டார்களா?

கேட்க வேண்டும் என்பது 1948-லேயே தெரிந்துவிட்ட விஷயம். இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ராடார் பார்த்தவர்கள், நேரம் ஆக ஆகத் திரையில் வந்த புள்ளிகளைக் கோட்டைவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஒரு சோதனை வைத்தார். எண்களே இல்லாத வெள்ளைக் கடிகார முகப்பு, அதில் ஒரு கருப்பு முள். நொடிக்கு ஒருமுறை நகரும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் தாவலாகத் தாவும், அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு இதுதான் வேலை. நினைத்தாலே கொட்டாவி வருகிறது! முதல் அரை மணியிலேயே தாவல்களைத் தவறவிட ஆரம்பித்தார்கள். அரை மணி பார்த்துவிட்டு அரை மணி ஓய்வெடுத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆக, இதில் சோம்பேறித்தனத்துக்கோ பொறுப்பின்மைக்கோ இடமில்லை. சும்மா உட்கார்ந்து பார்ப்பது சுலபமான வேலை என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

தேடும் பொருள் அபூர்வமாக வந்தால் நிலைமை இன்னும் மோசம். உளவியலாளர் ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், விமான நிலையப் பெட்டிச் சோதனை மாதிரியான ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு படத்துக்கு ஒன்றில் பொருள் இருந்தபோது சுமார் 7 சதவீதம் தவறவிட்டார்கள். நூற்றுக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். 'ஒன்றும் இருக்காது' என்று மனசு முன்கூட்டியே முடிவெடுத்துவிடுகிறது.

விமான நிலையங்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பாவில் பெட்டிகளின் எக்ஸ்ரே படங்களைத் தொடர்ந்து பார்ப்பதற்கு 20 நிமிடம்தான் உச்சவரம்பு, அப்புறம் ஆள் மாற வேண்டும். பல இடங்களில், பார்ப்பவருக்குச் சொல்லாமலே போலித் துப்பாக்கிப் படத்தைப் பெட்டிக்குள் காட்டும் மென்பொருளும் உண்டு. ஏமாற்று வேலைதான், ஆனால் நல்ல ஏமாற்று.

இவ்வளவும் தெரிந்த பிறகும், பாதித் தானியங்கிக் கார்களில் நடப்பது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஓட்டும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, மனிதனுக்கு அறவே வராத வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறார்கள்: ஒன்றுமே செய்யாமல் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிரு, என்றைக்கோ ஒருநாள் இயந்திரம் தடுமாறும்போது ஒரு நொடியில் பாய்ந்து பிடி. இருக்கையில் இருப்பவருக்கு மாற்று ஆள் கிடையாது. முடியாமல் போனால், எச்சரிக்கையாக இருக்கச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதியிருந்தோமே என்பார்கள்.