பக்கத்து ஃபோல்டரைத் தெரியாத பைதன்

உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுசுக்கு மாசக் கணக்கு எடுத்துக் குடுக்கிற சின்ன புரோகிராம், பைதன் எண்ட கம்பியூட்டர் மொழியில எழுதினது. ரிப்போர்ட்ஸ் எண்டொரு ஃபோல்டர், பக்கத்தில யூட்டில்ஸ் எண்டொரு ஃபோல்டர். ரிப்போர்ட்ஸில இருக்கிற ஃபைலுக்குள்ள இருந்து, யூட்டில்ஸில எழுதி வச்ச ஒரு ஃபங்ஷனை இம்போர்ட் பண்ணிக் கூப்பிடோணும். அவ்வளவுதான்! "நோ மொடியூல் நேம்ட் யூட்டில்ஸ்" எண்டுது பைதன், அப்பிடி ஒண்டே இல்லையாம். கிடக்குதடா! எடிட்டரில இடப்பக்கம் பல்லிளிச்சுக்கொண்டு கிடக்குது!

வெளியில கச்சான் காத்து, உள்ளுக்க இது.

நடக்கிறது என்னெண்டா, ஃபைலை நேரா ஓட்டினா பைதன் அந்த ஃபைல் கிடக்கிற ஃபோல்டரிலதான் தேடத் தொடங்கும். டெர்மினலில, அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னலில, நீங்கள் எந்த ஃபோல்டரில நிக்கிறீங்கள் எண்டு பாக்கவே பாக்காது. அதே ஃபைலை மேல் ஃபோல்டரில நிண்டு 'பைதன் மைனஸ் எம்' போட்டு ஓட்டினா, நிக்கிற ஃபோல்டர் முதலாவதா வந்திடும், சத்தமில்லாம ஓடும். ஒரே கோட், ஒரே மெசின்! எங்கெங்க தேடினனான் எண்டு அந்த எரரிலயே ஒரு வரி சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

பக்கத்து ஃபோல்டரைப் புள்ளி வச்சுக் காட்டுற ரிலேட்டிவ் இம்போர்ட் எழுதினாலும் நேரா ஓட்டேக்க விழும். 2007இல இதை மாத்தச் சொல்லி பெப் 3122 எண்டு ஒரு முன்மொழிவு போனது. பைதனை உருவாக்கின கீடோ வான் ரொசம் மறுத்திட்டார். பக்கேஜுக்குள்ள, அதாவது இம்போர்ட் பண்ணுற கோட் ஃபோல்டருக்குள்ள, கிடக்கிற ஃபைலை நேரா ஓட்டுறதே கூடாத பழக்கமாம். சரி ஐயா, அப்ப உலகமே கூடாத பழக்கத்திலதான் கிடக்கு.

அதைவிட எரிச்சல் புத்தி சொல்ல வாற ஆக்கள். "இனிட் ஃபைல் ஒண்டு போடு மச்சான்." ஃபோல்டரைப் பக்கேஜ் எண்டு காட்டுற ஃபைல் அது. 2012இல வந்த பைதன் 3.3இல இருந்து அது இல்லாமலும் இம்போர்ட் நடக்கும், போட்டாலும் இந்தப் பிரச்சினை தீராது. "சிஸ்.பாத்.அப்பெண்ட் போடு." பைதன் தேடுற இடங்களோட இன்னொண்டைக் கூட்டுற வரி அது. அதைப் போட்டு, உன்ர டி டிரைவ் பாதையைக் கோட்டுக்குள்ள எழுதி வச்சா மற்றவன்ர மெசினில ஆர் ஓட்டுறது? பைசார்ம் எண்ட எடிட்டர் பாவிக்கிற ஆக்களுக்கு இன்னும் சுகம்: "எனக்கு ஓடுதே!" ஓடும்தான். புரொஜெக்ட் ஃபோல்டரை அது தானே பைதன்பாத்தில, அதாவது பைதன் தேடுற இடங்களில, சேர்த்துவிடுது. டெர்மினலுக்கு வாங்கோ, பாப்பம்.

ஒழுங்கான வழி இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. பைபுரொஜெக்ட்.டொமல் எண்ட புரொஜெக்ட் விவர ஃபைலை எழுதி, 'பிப் இன்ஸ்டோல் மைனஸ் ஈ' அடிக்கோணும். அதாவது பக்கத்து ஃபோல்டரை எட்டிப் பாக்க, என்ர கோடை என்ர மெசினிலயே நான் இன்ஸ்டோல் பண்ணோணும்! வெர்ச்சுவல் என்விரோன்மென்ட்டை, அதாவது இந்த புரொஜெக்டுக்கெண்டு தனியா வச்ச பைதன் சூழலை, அழிச்சுப் புதுசா எடுத்தா, திரும்பவும் முதலில இருந்து.