ரோக்ஃபோர்: பாறை மூச்சு விடும் ஊர்

பிரான்ஸின் ரோக்ஃபோர் ஊரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதைச் சீஸ் விற்கும் சுற்றுலாத் தலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. சரி, ஆனால் அந்தச் சீஸுக்குக் காரணமே ஒரு பாறைச் சரிவுதான். தெற்கு பிரான்ஸின் அவெய்ரோன் பகுதியில் கோம்பலூ குன்றின் ஒரு பக்கம் எப்போதோ சரிந்ததில் பாறையில் நீண்ட பிளவுகள் உண்டாயின. அவற்றின் வழியே ஆண்டு முழுவதும் குளிர்ந்த ஈரக்காற்று, சீஸ் வைக்கும் நிலவறைகளுக்குள் வருகிறது. செம்மறியாட்டுப் பாலில் செய்த சீஸில் நீலப் பூஞ்சை படர அந்தக் காற்றுதான் வேண்டும். 1925-லேயே ‘ரோக்ஃபோர்’ என்ற சீஸின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்துவிட்டது.

அப்புறம், சில நூறு பேரே வாழும் இந்த ஊரில், இருட்டு நிலவறைகளில் சீஸைச் சுரண்டித் திருப்பி அடுக்கியே காலம் கழித்த ‘கபானியேர்’ பெண்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே! எனக்கு அதுதான் பெரிய குறை.